கடலைக் கெடுத்தவர்களை எந்த வாசலில் நிறுத்துவது? குமரி மக்கள் முன்னால் இருக்கும் ஐந்து வழிகள்

2025 மே மாதக் கடைசி. விடியற்காலையில் கரைக்குப் போனவர்கள், பச்சரிசி கொட்டிக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அள்ளிப் பார்த்தால் பிளாஸ்டிக் குருணை. மே 25-ஆம் தேதி கேரளக் கடலில் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் சரக்கு அது. லைபீரியக் கொடி கட்டிய கப்பல், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. 640 கன்டெய்னர்கள், அவற்றில் 13-இல் ஆபத்தான சரக்கு. தொட்டிகளில் 367 டன் உலை எண்ணெயும் 84 டன் டீசலும். நீரோட்டம் அந்தக் குருணையைத் திருவனந்தபுரம் கரைக்குத் தள்ளி, அப்புறம் நம் குமரிக் கரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

நேரம் அதைவிட மோசமாக அமைந்திருக்க முடியாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் நாட்டுப்படகில் போகும் வள்ளக்காரர்களின் நாட்கள். ஆனி ஆடியில் கடல் கொடுப்பதை வைத்துத்தான் வட்டியும் பள்ளிக்கூடச் செலவும் நடக்கும். எங்கள் ஊரில் அந்தச் சீசனில் மீன் வந்தது, வாங்கத்தான் ஆள் வரவில்லை. "கப்பல் எண்ணெய் குடித்த மீன்" என்று சந்தையில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும், கூடை அப்படியே திரும்பி வரும்.

அன்றிலிருந்து என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். ஊர்க் கமிட்டிக்காரர்கள் கேட்கிறார்கள், தேவாலயப் பங்குப் பேரவையில் இருப்பவர்கள் கேட்கிறார்கள், மலையோரத்தில் கல்குவாரித் தூசியோடு மல்லுக்கட்டுகிறவர்களும் கேட்கிறார்கள்: "கம்பெனி மேல எங்க கேஸ் குடுக்கணும்? கலெக்டரா, பசுமைத் தீர்ப்பாயமா, மதுரையா, போலீஸா?" நான் வக்கீல் இல்லை. இருபது வருடமாக ஊருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன், வழக்குகளைப் பின்தொடர்கிறேன். அந்த அனுபவத்தில் ஒவ்வொரு வழியையும் அளந்து பார்க்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, உங்களுக்கு என்ன வேண்டும்? கரை சுத்தமாக வேண்டுமா, இழந்த வருமானம் திரும்ப வேண்டுமா, பொறுப்பான ஆள் கூண்டில் ஏற வேண்டுமா? ஊர்க்கூட்டத்தில் கேட்டால் மூன்றும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள், நியாயமும் அதுதான். ஆனால் மூன்றையும் ஒரே வாசலில் கொடுக்கும் அமைப்பு நம் நாட்டில் இல்லை. சில சமயம் ஒன்றைக் கேட்பது இன்னொன்றை விட்டுக்கொடுப்பதில் போய் முடியும்.

இரண்டாவது, கெடு. ஒவ்வொரு வாசலும் ஒரு நாளில் மூடும்.

மூன்றாவது, செலவு. வக்கீல் ஃபீஸ் மட்டும் செலவு இல்லை. சென்னைக்கு ஒரு விசாரணைக்குப் போய் வந்தால் மூன்று நாள் மெனக்கேடு. கடலுக்குப் போகாத நாளுக்கு யாரும் படி கொடுப்பதில்லை.

நான்காவதை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: ஜெயித்தால் பணம் எதிலிருந்து வசூலாகும்? தீர்ப்பு வருவது வேறு, காசு கைக்கு வருவது வேறு. ராஜஸ்தானின் பிச்சிரி கிராமத்து மண்ணையும் கிணறுகளையும் நாசமாக்கிய ரசாயன ஆலைகள் மேல் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. அந்தப் பணத்தைக் கட்டாமல் மனுமேல் மனுவாகப் போட்டே 15 வருடம் ஓட்டினார்கள். 2011-இல் அதே நீதிமன்றம் 37 கோடி ரூபாய்க்கு மேல், 12 சதவீதக் கூட்டு வட்டியோடு கட்டச் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியாக, இந்த வழி மேலே எதுவரை எட்டும்? ஆலை மேலாளரோடு நின்றுவிடுமா, கம்பெனியின் கஜானாவைத் தொடுமா, முடிவெடுத்த இயக்குநர் வரை போகுமா?

| வழி | முக்கியமாகக் கிடைப்பது | கெடு | செலவு | எதுவரை எட்டும் |
|---|---|---|---|---|
| கலெக்டர், வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.), மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் | உடனடித் தடுப்பு, சுத்தம், அரசு நிவாரணம் | எழுதிய கெடு இல்லை, தாமதித்தால் பயன் இல்லை | மிகக் குறைவு | ஆலை மேலாளர், உரிமையாளர் |
| பசுமைத் தீர்ப்பாயம், சென்னை | நஷ்டஈடு, சீரமைப்பு | 6 மாதம் அல்லது 5 வருடம் | நடுத்தரம் | கம்பெனி |
| உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ரிட் | அரசைச் செயல்பட வைக்கும் உத்தரவு | சீக்கிரம் போக வேண்டும் | நடுத்தரம் முதல் அதிகம் | அரசுத் துறைகள், அவற்றின் வழியாகக் கம்பெனி |
| கப்பலைப் பிடித்து வைக்கும் வழக்கு | பணத்துக்குப் பிணை | கப்பல் துறைமுகத்தில் நிற்கும் வரை | மிக அதிகம் | கப்பல் உரிமையாளர் |
| குற்ற வழக்கு | தண்டனை, விசாரணை ஆவணங்கள் | முதல் சில நாட்கள் பொன்னானவை | குறைவு, காலம் அதிகம் | சட்டப்படி இயக்குநர் வரை, நடைமுறையில் அபூர்வம் |

## கலெக்டர் அலுவலகமும் வாரியமும்

நாகர்கோவில் போக ஒரு பஸ். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், மாதந்தோறும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், எல்லாம் அங்கேயே. இது சும்மா மனு கொடுக்கிற இடம் என்று ஒதுக்க வேண்டாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவில், பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்கும் சப் கலெக்டருக்கும் இருக்கிறது. பழைய சட்டத்தில் அது 133-ஆவது பிரிவு. நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டங்கள். எந்தக் கோட்டத்தில் தொல்லையோ அங்கே மனு.

பல வருடங்களுக்கு முன் எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலை கழிவுநீரைக் கால்வாயில் விட்டது. இந்தப் பிரிவில்தான் மனு எழுதினேன். மூன்று மாதத்துக்குள் குழாய் அடைக்கப்பட்டது. ஆனால் விசாரணைக்கு வந்து கையெழுத்துப் போட்டவர் மேலாளர். முதலாளியின் முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. கால்வாயில் செத்து மிதந்த இறாலுக்கும் மீனுக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை. கேட்டபோது எங்களிடம் தேதி போட்ட ஒரு புகைப்படம்கூட இல்லை. அந்தத் தவறு இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

வாரியத்தின் கை 2025 ஆகஸ்டுக்குப் பிறகு கொஞ்சம் நீண்டிருக்கிறது. மாசுபடுத்தியவரிடமிருந்து சீரமைப்புக்கான தொகையை வசூலிக்கும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனுவில் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இங்கே மறைந்திருக்கும் செலவு ஒரு குழப்பம்: நிவாரணத்தையும் நஷ்டஈட்டையும் ஒன்றாக நினைப்பது. எல்சா 3 மூழ்கிய பிறகு கேரளத்தில் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் மீனவக் குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் படர்ந்தபோது தமிழக அரசு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் அறிவித்தது. பசி நேரத்தில் வரும் பணம், வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அது உங்கள் இழப்பின் கணக்கு இல்லை. வாங்கும்போது எந்தத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று படித்துப் பாருங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

## பசுமைத் தீர்ப்பாயம்

ஊரின் இழப்புக்குப் பணம் வேண்டும் என்றால் என் முதல் தேர்வு, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள இந்தத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்தான். காரணம் அதை அமைத்த 2010-ஆம் வருடச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. தவறு யாருடையது, கவனக்குறைவு எங்கே என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. விபத்தே ஆனாலும் பொறுப்பு உண்டு. கப்பலின் எடைச்சமநிலை ஏன் குலைந்தது, கன்டெய்னரை யார் எப்படி அடுக்கினார்கள் என்று வள்ளக்காரர் எங்கே போய் ஆதாரம் தேடுவார்? அந்தச் சுமையை இந்தச் சட்டம் நம் தோளிலிருந்து இறக்கிவிடுகிறது.

இந்தக் கொள்கைக்கு விதை 1985 டிசம்பரில் தில்லியில் விழுந்தது. ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்த வழக்கில், 1986-இல் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, ஆபத்தான தொழில் செய்கிறவருக்கு முழுப் பொறுப்பு உண்டு, சாக்குப்போக்குக்கு இடம் இல்லை என்றது. அந்தக் கசிவு நடந்தபோது போபால் விஷவாயு விபத்து முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

வேகத்துக்கு ஒரு சாட்சி விசாகப்பட்டினம். 2020 மே 7 அதிகாலையில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் இறந்தார்கள். மறுநாளே 50 கோடி ரூபாயைக் கட்டச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கப்பலுக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. 2011-இல் மும்பைக்கு அருகே எம்.வி. ராக் என்ற நிலக்கரிக் கப்பல் மூழ்கியது. 2016-இல் கப்பல் தரப்பு 100 கோடி, சரக்குக்குச் சொந்தமான அதானி எண்டர்பிரைசஸ் 5 கோடி என்று தீர்ப்பு வந்தது. சரக்கு ஏற்றியவருக்கும் பொறுப்பு உண்டு என்பது நமக்கு முக்கியம். குருணை கப்பல்காரருக்குச் சொந்தமான பொருள் இல்லையே.

கெடுவைக் கவனமாகப் பாருங்கள். 14-ஆவது பிரிவில் சுற்றுச்சூழல் தகராறு என்று போனால் 6 மாதம். 15-ஆவது பிரிவில் நஷ்டஈடு, சீரமைப்பு என்று போனால் 5 வருடம். இரண்டிலும் தக்க காரணம் காட்டினால் 60 நாள் கூடுதலாகக் கிடைக்கும். எல்சா 3 விஷயத்தில் முதல் கதவு 2025 நவம்பரோடு மூட ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது 2030 மே வரை திறந்திருக்கும். "எல்லாம் முடிந்துபோச்சு" என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கட்டணம், நஷ்டஈடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய். கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம். நூறு குடும்பம் சேர்ந்து ஆளுக்கு 2 லட்சம் கேட்டால் மொத்தம் 2 கோடி, கட்டணம் 2 லட்சம், குடும்பத்துக்கு 2,000. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. தென் மண்டல அமர்வு சென்னையில் இருந்தாலும் காணொளி வழியாகவும் விசாரணை நடக்கிறது.

சரி, குறை என்ன? பெரிய குறை, "சுற்றுச்சூழல் இழப்பீடு" என்று விதிக்கப்படும் பணம் பெரும்பாலும் அரசு நிதிக்கோ வாரியத்துக்கோ போகும், உங்கள் வீட்டுக்கு வராது. செய்தித்தாளில் "100 கோடி அபராதம்" என்று பார்த்துவிட்டு ஊரே காத்திருந்து ஏமாந்த கதைகள் உண்டு. தனிநபர் இழப்பைப் பெயர், தொழில், நாள், தொகை என்று தனியாகப் பட்டியல் போட்டுக் கேட்டால்தான் அது தனியாகப் பார்க்கப்படும். அப்படிக் கேட்டும் சிறுத்துப்போவதுண்டு. பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி அதற்கென்றே ஓர் ஆணையம் அமைந்தது. 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 26.8 கோடி என்று கணக்காயிற்று. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குப் பத்தாயிரம்கூட இல்லை. நிலமும் கிணறும் போனவர்களுக்கு.

இன்னொன்று, தீர்ப்பாயம் யாரையும் மாசுபடுத்தியதற்காகச் சிறைக்கு அனுப்பாது. அதன் உத்தரவை மீறினால்தான் 26-ஆவது பிரிவில் 3 வருடம் வரை சிறை, கம்பெனி என்றால் 25 கோடி வரை அபராதம்.

## மதுரைக் கிளையில் ரிட்

தவறு கம்பெனியுடையது மட்டும் இல்லை, தடுக்க வேண்டிய துறையும் தூங்கியது என்றால் இது சரியான வாசல். நாகர்கோவிலிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர், காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடலாம். கரையைச் சுத்தம் செய், மீனைப் பரிசோதித்து அறிக்கை வெளியிடு, இழப்பைக் கணக்கெடு என்றெல்லாம் அரசுக்கு உத்தரவு வாங்கலாம். மீன் பாதுகாப்பானது என்ற ஓர் அறிக்கை சீக்கிரம் வெளிவந்தாலே பாதி நஷ்டம் குறையும். அதற்காகவாவது இந்த வழியை யோசிக்க வேண்டும்.

இலங்கை மீனவர்கள் இதை ஒத்த பாதையில்தான் போனார்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. நம் கரைக்கு வந்த அதே மாதிரிக் குருணைதான், டன் கணக்கில். மீனவர்களும் சுற்றுச்சூழல் அமைப்பும் கர்தினால் மால்கம் ரஞ்சித்தும் அடிப்படை உரிமை மனுக்களோடு உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஜூலை 24-ஆம் தேதி நூறு கோடி அமெரிக்க டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அரசுத் தரப்பின் தவறுகளையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் கப்பல் நிறுவனம் அந்தத் தொகையைக் கட்ட மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. லண்டன் நீதிமன்றத்தில் தன் பொறுப்பை 1.9 கோடி பவுண்டுக்குள் சுருக்கிக்கொள்ளும் உத்தரவை 2023-லேயே அது வாங்கி வைத்திருந்தது. பணம் எதிலிருந்து வசூலாகும் என்ற நான்காவது அளவுகோல் இங்கேதான் கடிக்கிறது.

காலமும் நீளலாம். தூத்துக்குடி தாமிர ஆலைக்கு எதிராக 1996-இல் தொடங்கிய வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2010-இல். 2013-இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி இழப்பீடு விதித்து ஆலையை ஓட அனுமதித்தது. 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போன பிறகுதான் அரசு ஆலையை மூடியது. 2024 பிப்ரவரியில்தான் அந்த மூடல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது.

## கப்பலைப் பிடித்து வைப்பது

மீனவர்களில் பலருக்குத் தெரியாத வழி, ஆனால் வெளிநாட்டுக் கப்பல் என்றால் இதைப்போல வலிமையான பிடி வேறில்லை. 2017-ஆம் வருடக் கடல்சார் வழக்குச் சட்டப்படி, கடலுக்கும் கரைக்கும் சேதம் செய்த கப்பலையோ அதே உரிமையாளரின் வேறு கப்பலையோ நம் துறைமுகத்தில் நிற்கும்போது நீதிமன்றம் பிடித்து வைக்கலாம். பிணைத்தொகை கட்டினால்தான் விடும். கம்பெனி ஜெனீவாவில் இருந்தால் என்ன, லைபீரியாவில் பதிவாகி இருந்தால் என்ன, கப்பல் இங்கே நிற்கிறது.

கேரள அரசு இதைத்தான் செய்தது. 9,531 கோடி ரூபாய் கேட்டுக் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, விழிஞ்ஞத்துக்கு வந்த எம்.எஸ்.சி. அகிதெதா 2 கப்பலைப் பிடித்து வைக்க 2025 ஜூலையில் உத்தரவு வாங்கியது. மூழ்கிய இடம் 12 கடல் மைலுக்கு வெளியே, இது வேறு உரிமையாளரின் கப்பல் என்றெல்லாம் எதிர்த்தரப்பு வாதிட்டது. செப்டம்பரில் நீதிமன்றம் பிணைத்தொகையை 1,227.62 கோடியாக வைத்தது. கேட்டதில் எட்டில் ஒரு பங்குதான், ஆனாலும் வெறும் தாளில் எழுதிய எண் இல்லை, கப்பலைக் கட்டிப்போட்டுக் கேட்ட பணம்.

இதில் நமக்கு இரண்டு வருத்தங்கள். கேரளம் கேட்டது கேரளத்தின் இழப்பை. எல்லைக் கிராமமான நீரோடி முதல் இந்தப் பக்கம் இருப்பவர்களின் வலையும் வள்ளமும் அந்தக் கணக்கில் இல்லை. இரண்டாவது, அந்த 9,531 கோடியிலும் மீனவர்களின் வருமான இழப்பு என்று காட்டியது சுமார் 526 கோடிதான், மீதி எல்லாம் சுற்றுச்சூழல் சேதமும் தடுப்புச் செலவும். அரசு நமக்காக வழக்குப் போடும்போது நம் பங்கு என்ன என்று முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

ஓர் ஊர்க் கமிட்டி தனியாக இதைச் செய்ய முடியுமா? சட்டப்படி முடியும். ஆனால் இது சென்னையில் நடத்த வேண்டிய வழக்கு, இதில் பழகிய வக்கீல்கள் மிகக் குறைவு, எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு எப்போது வருகிறது என்று கண்காணிக்கவும் வேண்டும். மாநில அரசையோ, பல ஊர்கள் சேர்ந்த கூட்டமைப்பையோ இதற்குத் தூண்டுவதுதான் நடக்கக்கூடியது. மறைந்திருக்கும் இன்னொரு பள்ளம், கப்பலின் எடைக்கு ஏற்பப் பொறுப்புக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டம். தனக்குத் தெரிந்தே, இப்படிச் சேதம் வரும் என்று அறிந்தே அலட்சியமாக நடந்தார் என்று உரிமையாளர் மேல் நிரூபித்தால்தான் அந்த வரம்பு உடையும். இந்த வரியை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

## குற்ற வழக்கு

ஊர்க்கூட்டத்தில் அதிகமாகக் கைதட்டு வாங்குவது இதுதான். "எவன் லாபம் பார்த்தானோ அவன் உள்ளே போகணும்." அந்தக் கோபத்தில் நானும் இருக்கிறேன். போபாலை நினைத்தால் யாருக்குத்தான் வராது?

1984 டிசம்பர் 2 நள்ளிரவு கசிந்த வாயு அது. யூனியன் கார்பைடு தலைவர் வாரன் ஆண்டர்சன் டிசம்பர் 7-ஆம் தேதி போபாலில் கைதாகி, அன்றே ஜாமீனில் வெளியே வந்து நாட்டை விட்டுப் போனார். 2014-இல் இறக்கும்வரை இந்திய நீதிமன்றத்தின் முன் நிற்கவில்லை. கம்பெனியின் இந்திய அதிகாரிகள் மேல் இருந்த கடுமையான பிரிவை 1996-இல் உச்ச நீதிமன்றம் கவனக்குறைவால் மரணம் என்ற அளவுக்கு இறக்கியது. 2010 ஜூன் 7-ஆம் தேதி தீர்ப்பு: 2 வருடச் சிறை, ஒரு லட்சம் அபராதம், அன்றே ஜாமீன். இருபத்தைந்து வருடம் காத்திருந்த தாய்மார் நீதிமன்ற வாசலில் நின்றார்கள்.

சட்டம் அதற்குப் பிறகு கடுமையாகவில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் முன்பு 5 வருடம் வரை சிறை இருந்தது. ஜன் விஸ்வாஸ் திருத்தத்தால் 2024 ஏப்ரல் 1 முதல் அது போய், 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆகிவிட்டது. ஆழ்கடலுக்குப் போகும் ஒரு விசைப்படகைக் கட்டும் செலவில் கால்வாசிகூட இல்லை இந்த 15 லட்சம். ஒரு கடற்கரையின் விலையாக இதை எப்படி வைத்தார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் கப்பலை அலட்சியமாக ஓட்டினால் 282-ஆவது பிரிவு, 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். எல்சா 3 பற்றி 2025 ஜூனில் ஃபோர்ட் கொச்சி கடலோரக் காவல் நிலையத்தில் பதிவான வழக்கில் இந்தப் பிரிவும் இருக்கிறது.

இயக்குநர்களை எட்டுவதில் இன்னொரு தடை. கம்பெனி செய்த தவறுக்கு இயக்குநர் என்ற பதவியை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது, அவருடைய நேரடிப் பங்கோ சட்டத்தின் தெளிவான வாசகமோ வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாகப்பட்டினத்தில் தலைமைச் செயல் அதிகாரி உட்பட 12 பேரை இரண்டே மாதத்தில் கைது செய்ய முடிந்ததற்குக் காரணம், ஆலையை நடத்தியவர்கள் அங்கேயே இருந்தார்கள். கப்பல் விஷயத்தில் கைக்கு அகப்படுகிறவர் கேப்டனும் மாலுமிகளும்தான். எக்ஸ்-பிரஸ் பேர்ல் கேப்டன் வருடக்கணக்கில் இலங்கையை விட்டுப் போக முடியாமல் இருந்தார். மாலுமி வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர் நம்முடையது. உத்தரவு போட்டவர் வெளியே, உத்தரவுப்படி ஓட்டியவர் உள்ளே என்பது நமக்கு நியாயமாகப் படக்கூடாது.

அப்படியானால் புகார் கொடுக்க வேண்டாமா? கட்டாயம் கொடுங்கள், முதல் வாரத்திலேயே கொடுங்கள். வழக்குப் பதிவானால்தான் போலீஸ் ஆவணங்களைக் கைப்பற்றும், மாதிரி எடுக்கும், வாக்குமூலம் வாங்கும். பராமரிப்பைத் தள்ளிப்போடச் சொன்னது யார், எச்சரிக்கையை ஒதுக்கியது யார் என்ற தாள்கள் அதில்தான் வெளிவரும். உரிமையாளர் அறிந்தே அலட்சியம் செய்தார் என்பதற்கான சான்று அங்கே கிடைத்தால், நஷ்டஈட்டு வழக்கின் உச்சவரம்பை உடைக்கவும் அதுவே கருவி. என் கணக்கில் குற்ற வழக்கின் பெரிய பயன் இதுதான். சிறைத் தண்டனை கிடைத்தால் அது கூடுதல்.

## பேசி முடிப்பது பற்றி ஒரு வார்த்தை

எந்த வழியில் போனாலும் நடுவில் கம்பெனி சமரசத்துக்கு வரும். வருவதில் தவறில்லை. கொடைக்கானல் பாதரச ஆலை 2001-இல் மூடப்பட்டு, முன்னாள் தொழிலாளர்கள் 2006-இல் உயர் நீதிமன்றம் போய், 2016-இல் 591 பேருக்கு இந்துஸ்தான் யூனிலீவரோடு உடன்பாடு ஆனது. கடைசிவரை கூட்டாக நின்றதால் கிடைத்தது. எச்சரிக்கைக்குப் போபால்: 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு அரசு சமரசம் செய்தபோது குற்ற வழக்குகளும் சேர்த்தே முடிக்கப்பட்டன. மக்கள் போராடி 1991-இல்தான் அவற்றை மீட்டார்கள். கூடுதல் நஷ்டஈடு கேட்ட மத்திய அரசின் மனு 2023 மார்ச்சில் தள்ளுபடியானது. ஒருமுறை போட்ட கையெழுத்தின் நீளம் அது.

## என் பரிந்துரை

ஆலைக் கழிவு, குவாரித் தூசி, தொல்லை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றால் ஆர்.டி.ஓ.வும் வாரியமும் முதலில். 30 நாளில் அசையவில்லை என்றால் ஆறு மாதக் கெடுவுக்குள் தீர்ப்பாயம். இன்னும் தொடங்காத திட்டம் என்றால், உதாரணமாகக் கிள்ளியூர் பகுதியில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி வந்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். அதைத் தவறவிடக் கூடாது.

வெளிநாட்டுக் கப்பல் என்றால் முதல் வாரத்திலேயே மூன்று வேலை: காவல் நிலையத்தில் புகார், கலெக்டரிடம் இழப்புப் பட்டியல், கப்பலைப் பிடிக்கும் வழக்குப் போடச் சொல்லி மாநில அரசுக்குக் கடிதம். அரசு அசையாவிட்டால் அதை அசைக்கத்தான் மதுரை. தனிக் குடும்பங்களின் நஷ்டத்துக்குத் தீர்ப்பாயத்தில் 15-ஆவது பிரிவு, ஊர் ஊராகக் கூட்டாக.

எல்லா வாசலிலும் கேட்கப்போவது ஒரே ஆதாரம்தான். ஏலம் கூறுகிறவர் நோட்டு, கமிஷன்காரர் சீட்டு, மானிய மண்ணெண்ணெய் வாங்கிய பதிவு, பல ஊர்களில் மீன் வரவில் கோவிலுக்குப் பங்கு பிடிக்கும் கணக்கு. முந்தைய மூன்று வருட ஆனி ஆடிக் கணக்கையும் சேர்த்து எடுத்தால்தான் இழப்பு கண்ணுக்குத் தெரியும். கரையில் அள்ளிய குருணையைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தேதி எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு மூடி வையுங்கள். படம் எடுத்த செல்போனை மாற்றிவிடாதீர்கள். பாரதிய சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவுச் சான்றிதழுக்கு அந்தக் கருவியின் விவரம் வேண்டும்.

தலைச்சுமையாக மீன் விற்கும் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "எனக்கு வள்ளம் இல்ல, வலை இல்ல, போட்டுப் பதிவு இல்ல. நான் எந்தப் பட்டியல்ல வருவேன்?" மீன்வளத்துறைக் கணக்கெடுப்பில் அவர் பெயர் இல்லாமல் போகலாம். தீர்ப்பாயச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், நஷ்டஈடு கேட்கக்கூடிய தலைப்புகளில் "தொழில் அல்லது வேலை இழப்பு" என்று தனியாகவே இருக்கிறது. வள்ளம் இருக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. 1987-ஆம் வருடச் சட்ட உதவிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி பெண்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்க வேண்டும். விற்காமல் திரும்பி வந்த நாட்களை அவர் நாட்காட்டியில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். ஜூன், ஜூலை இரண்டு மாதத்திலும் சேர்த்து 34 வட்டம். அந்த நாட்காட்டியைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மனுவில் முதல் இணைப்பு அதுதான்.